உள்ளிருந்து திறக்காத கதவு

கதவு வேலையைச் சின்ன வேலை என்று நினைத்துத்தான் நம்மில் பெரும்பாலோர் இந்தத் தொழிலுக்கு வருகிறோம். இன்ஜின் வேலைக்கு மரியாதை உண்டு. பிரேக் வேலைக்குப் பயம் உண்டு. கதவுக்கு இரண்டும் கிடையாது. பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் கொடுப்பது கதவைத்தான்.

நான் சிவகாசியில் நாரணாபுரம் சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை வைத்திருந்தேன். பாடியும் கதவும்தான் என் வேலை. இப்போது ஓய்வில் இருக்கிறேன். பழைய பிக்கப் வண்டிக்குக் கதவு விளிம்பில் தண்ணீர் புகாமல் காக்கும் பீடிங் ரப்பரை எந்த மூலையிலிருந்து அடிக்கத் தொடங்குவது, லாக்கை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் செய்த கதவுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது, மழையும் பிடித்திருந்தது. காலை எட்டரை மணிக்கு ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. பட்டாசுக் கம்பெனிகளிலிருந்து குடோனுக்கு லோடு அடிக்கிற வண்டி. அதன் முதலாளிக்கு அதுபோல நான்கு வண்டிகள். ஓட்டி வந்தவர் காளிராஜ். ஐம்பது வயது இருக்கும். எனக்குப் பத்து வருடப் பழக்கம் என்றாலும், அந்தப் பத்து வருடத்தில் நாங்கள் பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

வண்டியைப் பார்த்தாலே அதில் ஒருவர் குடியிருக்கிறார் என்று தெரியும். இடது பக்க இருக்கையில் மடித்த போர்வை, அதன் மேல் துணிப்பை. முன் கண்ணாடிக்குக் கீழே சீப்பு. வலது கதவின் பையில் பல் துலக்கும் பிரஷ். இடது கதவை வெளியிலிருந்து நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்.

"அந்தப் பக்கம் லாக் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"போயி ஒரு வருசம் ஆச்சுண்ணே. அங்கன உக்கார யாரு இருக்கா? கயிறு போதும்."

அதற்குள் முதலாளி போனில் வந்துவிட்டார். "செல்லையா, டிரைவர் பக்கத்துக் கதவை மட்டும் பாருங்க. மழைத்தண்ணி பூரா உள்ள வருது. வளைவுல கதவு தன்னால தொறக்குது, சோதனையில நிப்பாட்டுறாங்க. நல்லா இறுக்கமா இருக்கணும். அந்தப் பக்கத்தத் தீபாவளி முடிஞ்சு பாத்துக்கிடலாம். ரெண்டு மணிக்கு லோடு இருக்கு."

போனை வைத்ததும் காளிராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். பொதுவாக வேலை நடக்கும்போது அவர் எதிரே டீக்கடையில்தான் இருப்பார்.

"ரொம்ப இறுக்கிராதீகண்ணே. அரை லாக்குல நிக்கணும். தோளால ஒரு இடி இடிச்சாத் தொறக்கணும்."

நான் சிரித்தேன். "இடிச்சாத் தொறக்குறதுக்குப் பேரு கதவா காளிராஜு?"

"எங்க பொழப்புக்கு அதுதாண்ணே கதவு."

அவர் சொன்னதை அங்கேயே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான்: வண்டிக் கதவின் லாக்கில் இரண்டு பிடி உண்டு. முதல் பிடியில் கதவு விரல்கடை அளவு விலகி நிற்கும். இரண்டாவதில் முழுதாக மூடும். பட்டாசு லோடு ஏற்றும்போது டிரைவர்கள் கதவை அந்த முதல் பிடியிலேயே விட்டு உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கும். எங்காவது புகை தெரிந்தால், ஒரு சத்தம் கேட்டால், கைப்பிடியைத் தேடக்கூடாது. தோளால் இடித்துவிட்டு ஓட வேண்டும். தேய்ந்த லாக் இதற்கு இடம் கொடுக்கும். புது லாக் கொடுக்காது. விலகி நிற்கும் அந்தக் கதவுகளை நானும் நூறு முறை கம்பெனி வாசல்களில் பார்த்திருக்கிறேன். பார்த்தபோதெல்லாம் பழுது என்று நினைத்தேன். அது ஓர் ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டோர் பேடைக் கழற்றினேன். கதவின் வயிற்றுக்குள் என்னவெல்லாம் கிடக்கும் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதில் மக்கிய லோடு சீட்டுகள், இருக்கன்குடி கோயில் குங்குமப் பொட்டலம் ஒன்று, துருப்பிடித்த கொண்டை ஊசி ஒன்று. அள்ளி ஒரு தட்டில் வைத்தேன். காளிராஜ் தட்டைப் பார்த்தார். கொண்டை ஊசியை மட்டும் எடுத்துத் திரும்பக் கதவுக்குள் போட்டார்.

"அது அங்கனயே கெடக்கட்டும்ணே."

அவர் மனைவி திருப்பூரில் மகளோடு இருப்பதாகப் பேச்சு. நான் கேட்டதில்லை.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். புது லாக் போட்டேன். அது கையிருப்பில் இருந்தது. பழைய பீடிங்கை உரித்துவிட்டுப் புதியதை அடித்தேன். அந்த மாடலுக்கு உரிய ரப்பர் இப்போது வருவதில்லை. கிடைத்தது கொஞ்சம் தடிமன். தண்ணீர் நிற்க அது நல்லது என்று நினைத்தேன். உள் கைப்பிடியையும் லாக்கையும் இணைக்கிற கம்பியின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்குமே, அது கழற்றும்போது உடைந்தது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷினில் பல் முழுதும் போயிருந்தது. கிளிப்பும் மெஷினும் சிவகாசியில் இல்லை. மதுரைக் கடைக்குப் போன் செய்தேன். மறுநாள் பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

மணி பன்னிரண்டரை. முதலாளி நான்காவது முறையாக அழைத்தார். "செல்லையா, வண்டி இல்லேன்னா லோடு வேற ஆளுக்குப் போயிரும். எதையாச்சும் செஞ்சு அனுப்புங்க."

எதையாவது செய்தேன். கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி சுற்றினேன். கண்ணாடியை மேலே தள்ளி, இறங்காமல் இருக்கக் கதவுக்குள் மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்தேன். இரண்டும் நம் பட்டறைகளில் தினம் நடப்பவை. ஒரு நாளைக்குத்தானே என்பதுதான் அவற்றின் நியாயம்.

பிறகு சோதித்தேன். கதவைத் திறந்து வைத்து, வெளியே நின்றபடி கையை நீட்டி உள் கைப்பிடியை இழுத்தேன். லாக் விட்டது. மூன்று முறை இழுத்தேன், மூன்று முறையும் விட்டது. கதவை வெளியிலிருந்து மூடினேன். கனமான, அடங்கிய ஒரு சத்தம். குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "மாமா, புது வண்டிச் சத்தமில்ல கேக்குது!" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான் செய்யாதது ஒன்று. உள்ளே உட்கார்ந்து கதவை மூடிப் பார்க்கவில்லை. கதவு வேலை செய்கிறவன் எப்போதும் கதவுக்கு வெளியே நிற்கிறவன். அது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு முதலாளி மறுபடி போன் செய்தார். குரலில் அவசரம் இல்லை, சந்தோஷம் இருந்தது.

"செல்லையா, நம்ம காளிராஜு செஞ்சதக் கேட்டீகளா? கம்பெனியில லோடு ஏத்திக்கிட்டு இருக்கும்போது புகை வந்துருக்கு. லேபர் அம்புட்டுப் பேரும் கேட்டுக்கு ஓடிட்டாக. இவன் ஒருத்தன் வண்டிய விட்டு எறங்கலய்யா! கல்லு மாதிரி உள்ளயே உக்காந்துருந்துருக்கான். நல்லவேளை, கழிவு போடுற எடத்துல சும்மா புகைஞ்சது, அணைச்சுட்டாக. மத்த மூணு டிரைவர்ககிட்டயும் சொல்லிட்டேன். இருந்தா இவன மாதிரி இருக்கணும்டான்னு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோளால் இடித்தால் திறக்கிற கதவு வேண்டும் என்று காலையில் கேட்ட மனிதர் ஏன் இறங்காமல் இருந்தார்?

மறுநாள் காலை காளிராஜ் வண்டியோடு வந்தார். இந்த முறை வலது கதவையும் மூடாமல், உள்ளிருந்து கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். மதுரைப் பார்சல் வரவில்லை என்றேன். அவர் பட்டறையில் கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

"தூறலா இருந்துச்சுண்ணே. நனைவானேன்னு கதவ அரை லாக்குல போட்டுட்டு உள்ள உக்காந்துருந்தேன். 'ஏய், ஓடுங்க'ன்னு சத்தம். கண்ணாடியில பாத்தா எல்லாரும் ஓடுறாக. நானும் தோளக் கொடுத்தேன். அசையல. கேட்டுல எறங்கும்போது தொறந்த கைப்பிடிதான், அத இழுத்தேன். கடகடன்னு ஆடுது, ஒண்ணும் நடக்கல."

"ஹார்ன் அடிச்சிருக்கலாமே?"

"லோடு ஏத்தும்போது பேட்டரி வயரக் கழட்டிரணும்ணே. போனையும் கேட்டுலயே குடுத்துரணும்."

கண்ணாடிக்கு நான் முட்டுக்கொடுத்திருந்தேன். இடது கதவை அவரே கயிற்றால் கட்டியிருந்தார். பின்னால் கம்பி வலை, அதற்குப் பின்னால் பட்டாசு.

"கத்திப் பாத்தேன், அந்தக் கூச்சல்ல யாருக்கும் கேக்கல. முன் கண்ணாடிய மிதிச்சுப் பாத்தேன். காலு வலிச்சதுதான் மிச்சம். அப்புறம் சும்மா இருந்தேன்" என்றார். "கேட்டுல ஃபோர்மேன் ஆள் எண்ணுறது கதவு இடுக்கு வழியாக் கேட்டுச்சு. பேரு கூப்புடுறாரு, ஓடுனவுக ஒவ்வொருத்தராக் குரல் கொடுக்குறாக. கடைசியில, 'சரி, எல்லாரும் வந்தாச்சு'ன்னாரு."

இடித்த தோளைத் தடவிக்கொண்டார்.

"டிரைவரு அவுக ரிஜிஸ்டர்ல கெடையாதுல்லண்ணே. அவுகளுக்கு ஆள் சரியாத்தான் இருந்துச்சு."

கால் மணி நேரம் கழித்து வேலையாட்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். பெட்டி தூக்குகிற ஒரு பெண்தான் முதலில் அவரைப் பார்த்து, வெளிப்பிடியால் கதவைத் திறந்திருக்கிறார். "ஏண்ணே, நீங்க ஓடலையா? எம்புட்டுத் தைரியம் உங்களுக்கு!" என்று அவர் கேட்க, இவர் சிரித்திருக்கிறார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மாலைக்குள் அது கம்பெனி முழுவதும் பரவி முதலாளி காதுக்குப் போய்விட்டது.

நான் எழுந்து டோர் பேடைக் கழற்றினேன். கட்டுக்கம்பி நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. காரணம் பார்த்த உடனே தெரிந்தது. கதவு திறந்திருக்கும்போது லாக்கின் மேல் எந்தப் பாரமும் இல்லை, கம்பி தாங்கிவிட்டது. மூடியிருக்கும்போது தடித்த பீடிங் கதவை வெளியே தள்ளுகிறது. லாக் இறுகி நிற்கிறது. அப்போது ஓரிரு முறை இழுத்தாலே கட்டுக்கம்பி நழுவிவிடும். நான் சோதித்தது தேவையில்லாத நிலையில். தேவைப்படும் நிலையில் சோதிக்கவில்லை. கம்பி ஒரு தற்காலிகம், கட்டை இன்னொரு தற்காலிகம். தனித்தனியாக எடுத்தால் இரண்டும் கெட்ட வேலை அல்ல. ஒரே கதவில் இரண்டையும் சேர்த்து ஒரு மனிதனை அதற்குள் வைத்து மூடினேன்.

கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். கண்ணாடி கீழே விழுந்தது. "பார்சல் வர்ற வரைக்கும் மழையில நனைஞ்சாலும் இப்படியே இருக்கட்டும், கைய வெளிய விட்டுத் தொறந்துக்கிடலாம்" என்றேன். பிறகு சொன்னேன்: "தப்பு என்னோடது காளிராஜு. நான் ஒங்க மொதலாளி அண்ணாச்சிகிட்டச் சொல்லிருறேன்."

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். "வேண்டாம்ணே."

"ஏன்?"

"பத்து வருசமா அவருகிட்ட ஓட்டுறேன். 'டேய் பிக்கப்பு'ன்னுதான் கூப்புடுவாரு. நேத்துத்தான் மொதத் தடவையா எல்லாரையும் நிக்க வச்சு என் பேரச் சொன்னாரு. அதக் கெடுத்துராதீக."

சரி என்று சொன்னேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. இன்ஜின் கோளாறு என்றால் ஒரு வண்டி நிற்கும், வேறொன்றும் ஆகாது. இங்கே என் கோளாறு மூன்று டிரைவர்களுக்குப் பாடமாகிவிட்டது. அடுத்த முறை புகை வந்தால், அந்த மூவரில் ஒருவர் கதவைத் திறக்கப் போகும் கையை ஒரு நொடி நிறுத்துவார். காளிராஜ் இருந்தாரே என்று நினைப்பார். பட்டாசுக்கு அந்த ஒரு நொடி போதும். மறுபக்கம், வண்டிக்குள் தனியாக வாழும் ஒருவருக்கு வாராது வந்த ஒரு வார்த்தை. அதை எடுத்துவிட நான் யார்?

மறுநாள் பத்து மணிக்கு முதலாளியின் குடோனுக்குப் போனேன். காளிராஜ் லோடுக்குப் போயிருந்தார். மற்ற டிரைவர்களில் இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களும் கேட்க வேண்டும் என்று வாசலிலேயே சொன்னேன். கம்பி, கட்டை, கயிறு எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்ப அவனும் ஓடத்தான் பாத்துருக்கான்."

"ஓடத்தான் வேணும் அண்ணாச்சி. ஓடுறதுதான் சரி. அவர ஓட விடாமப் பண்ணுனது நான்."

டிரைவர்களில் இளையவர் சிரிப்பை அடக்க முடியாமல், "பொறிக்குள்ள மாட்டுன எலியத்தான் ரெண்டு நாளாப் புலின்னு சொன்னீகளா மொதலாளி?" என்றார். மற்றவரும் சிரித்தார். முதலாளியும் கொஞ்சம் சிரித்தார். பிறகு போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். "சரி, நீங்க போங்க செல்லையா. நான் பாத்துக்கிடுறேன்." அவர் எதைப் பார்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இருவரும் கேட்டுவிட்டார்கள். எனக்கு அது போதும் என்று வெளியே வந்தேன்.

செய்ததில் ஒரு தவறு இருந்தது. சொல்லப் போகிறேன் என்பதை முதலில் காளிராஜிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் மறுத்திருப்பார், மறுத்த பிறகும் நான் போயிருப்பேன். ஆனால் அவர் அந்தச் சிரிப்புக்குத் தயாராக இருந்திருப்பார். அவரை இரண்டாவது முறையும் நான் முன்னறிவிப்பு இல்லாமல் அடைத்துவிட்டேன். அவசரத்தில் வேலையைத் தப்பாகச் செய்கிறவர்கள் பலர். அதைத் திருத்துவதிலும் அதே அவசரத்தைக் காட்டினேன்.

பார்சல் அடுத்த நாள் வந்தது. முதலாளிக்குச் சொல்லிவிட்டேன். பதினொரு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டி வந்தவர், குடோன் வாசலில் சிரித்த அந்த இளைய டிரைவர்.

"காளிராஜ் எங்க?"

"அவரு வண்டிய விட்டுட்டாருண்ணே. நேத்துச் சாயங்காலம் சாவிய மேசையில வச்சுட்டுப் பையத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

"எதுவும் சொன்னாரா?"

"சொல்லிட்டுப் போற ஆளா அவரு?" என்றவர், கொஞ்சம் தயங்கினார். "நாங்கதான் நேத்து அவரு லோடுல இருந்து வந்ததும் கேலி பண்ணிக்கிட்டு இருந்தோம். வெளையாட்டாத்தான்."

"திருப்பூருக்குப் போயிருப்பாரோ?"

"தெரியலண்ணே. அவருக்குன்னு எங்க யாரு இருக்கான்னு எங்களுக்குத் தெரியாது."

என்னிடம் அவருடைய நம்பர் இருந்தது. அடித்தேன். மணி போனது; எடுக்கவில்லை. அடுத்த மாதம் அடித்தபோது அந்த நம்பர் வேறு யாரிடமோ இருந்தது. அவர் எங்கே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சீசனிலோ அதற்குப் பிறகோ அந்த முதலாளியின் வண்டிகள் எதிலும் புகை வந்ததாகக் கேள்விப்படவில்லை. ஆகவே நான் போய்ச் சொன்னதால் ஓர் உயிர் தப்பியது என்று உங்களிடம் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஒரு மனிதர் ஊரைவிட்டுப் போனார் என்பது மட்டும்தான் நடந்தது. இருந்தும் மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் நான் போய்ச் சொல்வேன். நீங்களும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அது நன்றாக முடியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அன்று வேலையை முடித்தேன். புது கிளிப், புது மெஷின். தடித்த பீடிங்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மணி நேரம் தேடி மெல்லியது ஒன்று வாங்கி வந்து அடித்தேன். இடது கதவின் கயிற்றை அறுத்து, யாரும் சொல்லாமலே அதற்கும் லாக் போட்டேன். பிறகு, இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை முழுதும் ஏற்றி, கதவை இழுத்து மூடினேன்.

உள்ளே இவ்வளவு அமைதி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாலையில் லாரிகள் போவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. எதிரே டீக்கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இளைய டிரைவர் கண்ணாடியைத் தட்டினார். "என்னண்ணே, தொறக்கலையா?"

கைப்பிடியை ஒரு விரலால் இழுத்தேன். கதவு திறந்தது. நான் இறங்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது.